சேமித்த பிறகு கிராணி விட்ட இடத்துக்கே திரும்ப என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் முகவர் ஒருவருக்கு லாராவெலில் (பிஎச்பி மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு வலைச் செயலி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எடை மேடையில் உட்காரும் கிராணி (எழுத்தர்), எடைச் சீட்டுப் பட்டியலில் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்து, ஏழாம் பக்கம் வரை போய், ஒரு சீட்டைத் திறந்து எடையைத் திருத்திச் சேமிக்கிறார். சேமித்ததும் பட்டியலின் முதல் பக்கம் வந்து நிற்கிறது. மார்ச் மாதமும் காணாமல் போய்விடுகிறது. லாராவெலின் 'பேக்' கட்டளையைப் போட்டுப் பார்த்தீர்கள், அது திருத்தும் ஃபார்முக்கே திருப்பி அனுப்புகிறது. மத்தியானம் லாரி வராத நேரத்தில் எழுந்து போய்விட்டு வந்தால் மறுபடி லாகின் கேட்கிறது. லாகின் செய்த பிறகு மாதம் சரியாக வருகிறது, பக்க எண் மட்டும் வருவதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி போட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். திரும்பும் முகவரியை லிங்கிலேயே வைத்தால் ஆபத்து என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு வேறு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேலையை முடித்தபின் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது ஒன்று. நடுவில் லாகின் குறுக்கிட்டபின் விட்ட இடத்துக்குத் திரும்புவது இன்னொன்று. இரண்டுக்கும் 'முந்தைய பக்கம்' என்று ஒரே பெயர் வைப்பதால்தான் குழப்பம். பிரவுசரைக் கேட்டால், இதற்கு முன் திறந்திருந்த முகவரி எதுவோ அதுதான் முந்தைய பக்கம். அது திருத்தும் ஃபார்மாக இருக்கலாம், லாகின் பக்கமாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாத வேறொரு தளமாகவும் இருக்கலாம். கிராணியைக் கேட்டால், மார்ச் மாதம், ஏழாம் பக்கம், அந்த ஒரு வரிசை. பேராக்கில் தோட்ட அலுவலகங்களுக்கும் டியூஷன் நிலையங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் இந்த மாதிரிச் சின்னச் செயலிகளைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அதில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: திரும்ப வேண்டிய இடத்தை ஆள் கிளம்பும்போதே குறித்து வைக்க வேண்டும். திரும்பும் நேரத்தில் 'எங்கிருந்து வந்தார்?' என்று பிரவுசரை விசாரித்தால், பல நேரம் சரியான பதில் வரும், சில நேரம் வராது. வராத நேரங்கள்தான் முகவரின் தொலைபேசி அழைப்பாக உங்களுக்கு வந்து சேரும்.

உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி என்று நண்பர் சொன்னது 'ஹிஸ்டரி பேக்'காகத்தான் இருக்கும். அது பிரவுசரின் பேக் பட்டனை அழுத்துவதற்குச் சமம், அதற்கு மேல் எதுவும் இல்லை. பட்டியலிலிருந்து சீட்டைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பும்போது அருமையாக வேலை செய்யும். எந்த வரிசையில் நின்றாரோ அதே இடத்துக்குப் பக்கம் உருண்டு நிற்கும். ஆனால் சேமித்த பிறகு அதே வரி திருத்தும் ஃபார்முக்குப் போகும், ஏனென்றால் அதுதான் முந்தைய பதிவு. இரண்டு படி பின்னால் போகச் சொல்லலாமே என்று தோன்றும். எடை கட்டத்தில் எழுத்தைத் தட்டிவிட்டுப் பிழைச் செய்தி வந்து, மறுபடி சேமித்திருந்தால் இரண்டு படி போதுமா என்பதைப் பிரவுசரின் கணக்குத்தான் தீர்மானிக்கும், நீங்கள் இல்லை. முகவர் ஒரு சீட்டின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சிறுதோட்டக்காரர் அதைக் கைப்பேசியில் தட்டித் திறக்கிறார் என்றால், அந்த டேபில் முந்தைய பக்கம் என்று எதுவுமே கிடையாது. 'பின் செல்' பட்டனை அவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இது உறுதியான விஷயம். ஆகவே 'பட்டியலுக்குத் திரும்பு', 'ரத்து' என்ற பட்டன்கள் சாதாரண லிங்குகளாக, போகும் இடத்தின் முகவரியோடு இருக்கட்டும். பேக் பட்டனைப் பிரவுசரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ரெஃபரர். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது 'இந்த முகவரியிலிருந்து வருகிறேன்' என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் ஹெடர் அது. லாராவெலின் 'பேக்' முதலில் இதைத்தான் பார்க்கும். இது இல்லையென்றால் செஷனில் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைத்திருக்கும் தற்காலிக நினைவு) குறித்து வைத்த கடைசி முகவரியைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் முகப்புக்குப் போகும். இப்போது உங்கள் நிலைமையை யோசியுங்கள். 'சேமி' என்ற கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது? திருத்தும் ஃபார்மிலிருந்து. அப்படியானால் ரெஃபரரும் அந்த ஃபார்மின் முகவரிதான். கட்டளை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதன் உண்மையான பயன், பிழை இருந்தால் ஃபார்முக்கே திருப்பி அனுப்பி, 'எடை எண்ணாக இருக்க வேண்டும்' என்று காட்டுவது. அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2020இல் குரோம் 85ஆம் பதிப்பும், 2021இல் ஃபயர்ஃபாக்ஸ் 87ஆம் பதிப்பும் இதன் இயல்பு விதியை இறுக்கின. வேறு தளத்துக்குப் போகும்போது இப்போது தளத்தின் பெயர் மட்டும் போகும், பாதை போகாது. ஒரே தளத்துக்குள் நடமாடும்போது முழு முகவரியும் இன்றும் போகிறது. அதனால் உங்கள் செயலிக்குள் ரெஃபரர் பெரும்பாலும் கிடைக்கும். ஆனாலும் தனியுரிமைக்காக அதை அடைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. முகவரியில் # குறிக்குப் பின்னால் இருப்பது ரெஃபரரில் எப்போதுமே வராது. அந்தப் பகுதி சர்வருக்கே போவதில்லை. மாதத் தேர்வை யாராவது # குறிக்குப் பின்னால் வைத்திருந்தால் அதைச் சர்வர் பக்கத்தில் எந்த வித்தையாலும் மீட்க முடியாது. கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளலாம், அதையே நம்பி ஒரு வசதியைக் கட்டக் கூடாது என்பது ரெஃபரரைப் பற்றி என் தீர்மானம். ரூபி மொழியின் வலைக் கட்டமைப்பான ரெயில்ஸ் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. 2016இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து, 'பின்னால் அனுப்பு' என்று எழுதினால் 'ரெஃபரர் இல்லையென்றால் எங்கே?' என்பதையும் சேர்த்து எழுதியே ஆக வேண்டும்.

சரி, அப்படியென்றால் எங்கே குறித்து வைப்பது? முதல் வேலை, பட்டியலின் நிலை முழுவதும் முகவரியில் இருக்க வேண்டும். மாதம், பக்க எண், தேடல் எல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால். '/சீட்டுகள்?மாதம்=3&பக்கம்=7' என்ற மாதிரி. அப்போதுதான் அந்த முகவரி ஒன்றை வைத்தே கிராணி நின்ற இடத்தை முழுதாக மீட்க முடியும். மாதத் தேர்வைச் செஷனில் ஒளித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டு டேப் திறந்து, ஒன்றில் மார்ச்சும் ஒன்றில் ஏப்ரலும் ஒப்பிட்டுப் பார்க்கும் கிராணிக்கு அது தலைவலி, ஏனென்றால் இரண்டு டேபுக்கும் செஷன் ஒன்றுதான். பக்க எண்களின் லிங்குகளில் மாதத் தேர்வு விட்டுப்போகாமல் ஒட்டி வரச் செய்யும் வசதி லாராவெலிலேயே இருக்கிறது. பட்டியலைப் பக்கங்களாகப் பிரிக்கும் இடத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும். பிறகு ஒவ்வொரு சீட்டின் 'திருத்து' லிங்கிலும் 'திரும்பு' என்ற பெயரில் இந்த முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள். ஃபார்மில் அதை மறைவான கட்டமாக வையுங்கள். சேமித்ததும் சரிபார்த்துவிட்டு அங்கே அனுப்புங்கள்.

இங்கேதான் உங்கள் பக்க எண் தொலைந்த கதை வருகிறது. இது ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு நம்பிக்கை இருக்கிறது. லாகின் பக்கத்துக்கு அனுப்பும் முகவரியை நீங்களே கையால் ஒட்டியிருக்கிறீர்கள், இப்படி: '/லாகின்?திரும்பு=/சீட்டுகள்?மாதம்=3&பக்கம்=7'. இதைச் சர்வர் எப்படிப் படிக்கும்? & என்ற குறி அதற்கு வேலி மாதிரி. வேலிக்கு இந்தப் பக்கம் 'திரும்பு', அதன் மதிப்பு '/சீட்டுகள்?மாதம்=3'. அந்தப் பக்கம் 'பக்கம்', அதன் மதிப்பு 7. அதாவது 'பக்கம்' லாகின் பக்கத்தின் சொத்தாகப் போய்விட்டது. திரும்பும் முகவரியில் மாதம் மட்டும் மிஞ்சியது. நீங்கள் சொன்ன அறிகுறி இதோடு அச்சாகப் பொருந்துகிறது. முகவரிக்குள் முகவரியை வைக்கும்போது உள்ளே இருப்பதை என்கோட் செய்ய வேண்டும்; அப்போது & குறி %26 என்று மாறிப் போகும், வேலியாக எண்ணப்படாது. பிஎச்பியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்கென்றே உள்ள செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள், கையால் ஒட்டாதீர்கள். ஒரு முறைதான் செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். இரண்டு முறை என்கோட் செய்தால் % குறியே மறுபடி மாறி, வேறு வடிவத்தில் இதே தொல்லை வரும்.

இனி ஆபத்து என்று சொன்ன நண்பரின் பக்கம். அவர் சொன்னது மிகச் சரி. லிங்கில் வரும் எதையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒருவன் உங்கள் முகவரின் உண்மையான லாகின் முகவரியை எடுத்து, 'திரும்பு' என்ற இடத்தில் தன் தளத்தைப் போட்டு, சிறுதோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த மாதக் குலை விலை இங்கே' என்று அனுப்புகிறான். திறந்து பார்ப்பவருக்குத் தெரிவது தனக்குப் பழக்கமான தளத்தின் பெயர். நம்பி லாகின் செய்கிறார். உங்கள் செயலியே அவரைக் கொண்டுபோய் அந்தப் போலித் தளத்தில் விடுகிறது. அங்கே அச்சு அசல் அதே லாகின் பக்கம், 'கடவுச்சொல் தவறு, மறுபடி முயலுங்கள்' என்ற வரியோடு. அவர் மறுபடி அடிக்கிறார், இம்முறை திருடனிடம். இதற்குத் திறந்த ரீடைரக்ட் என்று பெயர் (ரீடைரக்ட் என்றால் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்புவது). மென்பொருள் பலவீனங்களின் பொதுப் பட்டியலில் இது 601ஆம் எண். வலைச் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2013ஆம் ஆண்டு முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் பத்தாவதாக இருந்தது, 2017 பட்டியலில் தனி இடம் இல்லை. பட்டியலிலிருந்து போனதால் ஆபத்து போய்விடவில்லை. நம் ஊரில் லிங்கை நம்பித் தட்டுகிற பெரியவர்களை நினைத்தால் நான் இதில் கொஞ்சமும் தளர்வு காட்ட மாட்டேன்.

இதைத் தடுப்பதாக நினைத்துப் பலர் எழுதும் சோதனைகளில் ஓட்டை இருக்கிறது. 'எங்கள் தளப் பெயரில் தொடங்குகிறதா?' என்று மட்டும் பார்த்தால், உங்கள் பெயரை முன்னால் எழுதி ஒரு புள்ளி வைத்துத் தன் பெயரை ஒட்டிய முகவரியும் தேறிவிடும். புள்ளிக்குப் பதில் @ குறி வைத்தாலும் அப்படியே. அந்தக் குறிக்கு முன்னால் இருப்பதைப் பிரவுசர் பயனர் பெயராக எடுத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் தளத்துக்குப் போய்விடும். '/ குறியில் தொடங்குகிறதா?' என்று பார்த்தாலும் போதாது. // என்று இரண்டு குறியில் தொடங்குவது முழுமையான வெளித்தள முகவரி. லாராவெலின் ரீடைரக்ட் அப்படிப்பட்டதை முழு முகவரியாகவே ஏற்று அப்படியே அனுப்பிவிடும். இரண்டாவது குறியைச் சாய்த்து /\ என்று எழுதினாலும் பிரவுசர்கள் அதை // என்றே எடுத்துக்கொள்கின்றன. முகவரிகளைப் படிக்கும் தரநிலையே அப்படித்தான். இரண்டு குறிகளுக்கு நடுவே ஒரு டேப் எழுத்தைச் செருகினால் பிரவுசர் அதை நீக்கிவிட்டுப் படிக்கும், ஆனால் உங்கள் சோதனை அதைத் தாண்ட விட்டிருக்கும். திரும்புவதை ஜாவாஸ்கிரிப்டில் செய்தால் இன்னும் மோசம். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற முன்னொட்டோடு வரும் முகவரி உங்கள் பக்கத்துக்குள்ளேயே நிரலாக ஓடும்.

நான் செய்வது இது. பாதையை மட்டும் வாங்குகிறேன். அது ஒரே ஒரு / குறியில் தொடங்க வேண்டும், இரண்டாவது எழுத்து / ஆகவோ \ ஆகவோ இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகள் எங்கேயும் இருக்கக் கூடாது. தேறினால், முன்னால் என் தளத்தின் முழுப் பெயரையும் நானே ஒட்டி அனுப்புகிறேன். பெயருக்குப் பின்னால் / குறி வந்துவிட்டால் அதற்கப்புறம் எதை எழுதினாலும் தளம் மாறாது. தேறாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் பட்டியலின் முதல் பக்கம். ஜாங்கோ, வேர்ட்பிரஸ், ஏஎஸ்பி டாட்நெட் மூன்றிலும் இந்தச் சோதனைக்குத் தயாரான செயற்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்கள் சொந்தமாக எழுத வேண்டாம். உங்கள் செயலியில் திரும்ப வேண்டிய இடங்கள் மொத்தம் நான்கைந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முகவரியையே வாங்காமல் 'சீட்டுகள்', 'லாரிகள்' என்ற ஒரு பெயரையும் மாதம், பக்கம் என்ற எண்களையும் மட்டும் வாங்கி, முகவரியைச் சர்வரில் நீங்களே கட்டுவது எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பு. வளரும் செயலிக்கு அது கொஞ்சம் சுமை, சின்னதுக்கு அதுவே நல்லது.

லாகினுக்கு வருவோம். இங்கே நீங்கள் கையால் எதையும் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. லாராவெலின் உள்நுழைவுக் காவல், லாகின் இல்லாதவர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அந்த முழு முகவரியையும் செஷனில் எழுதி வைத்துவிட்டுத்தான் லாகினுக்கு அனுப்புகிறது. லாகின் முடிந்ததும் 'இன்டென்டட்' என்ற கட்டளையைக் கூப்பிட்டால் அங்கே கொண்டுபோய் விடும், ஏதும் எழுதப்படாமல் இருந்தால் நீங்கள் சொல்லும் பொது இடத்துக்குப் போகும். செஷனில் இருப்பதை வெளியாள் லிங்க் மூலம் மாற்ற முடியாது என்பதால் மேலே சொன்ன ஆபத்தும் பெருமளவு இல்லை. இதில் இருக்கும் ஒரே குறை, இரண்டு டேபில் ஒரே நேரத்தில் லாகின் கேட்டால் கடைசியாகக் கேட்டது முந்தையதை அழித்துவிடும். ஒரு எடை மேடை அலுவலகத்துக்கு இது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை லாகின் திருப்பத்தால் சரிசெய்யவே முடியாது. லாராவெலில் செஷனின் இயல்பு ஆயுள் 120 நிமிடம். கிராணி ஒரு சீட்டைத் திறந்து பாதி அடித்துவிட்டு எழுந்து போகிறார், வந்து மீதியை அடித்துச் 'சேமி'யை அழுத்துகிறார். இப்போது லாகின் பக்கம்கூட வராது. ஃபார்மின் பாதுகாப்பு டோக்கன் (கோரிக்கை உங்கள் ஃபார்மிலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) செத்துவிட்டதால் பெரும்பாலும் 419 என்ற எண்ணோடு 'பக்கம் காலாவதியானது' என்று வரும். அவர் அடித்தது சர்வருக்குப் போய்ச் சேர்ந்தும் பயனில்லை. முகவரியை நினைவில் வைக்கலாம், அனுப்பிய தரவை ரீடைரக்டால் தூக்கிச் செல்ல முடியாது. இதற்கு மருந்து வேறு. ஃபார்ம் திறந்திருக்கும் வரை சில நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரைத் தட்டிச் செஷனை உயிரோடு வைக்கலாம். அல்லது அடிப்பதை அந்த டேபின் சேமிப்பிலேயே வரைவாக வைத்து, 419 வந்தால் அதே ஃபார்முக்குக் கொண்டுவந்து நிரப்பிக் காட்டலாம். டேபோடு அழியும் செஷன் ஸ்டோரேஜ் போதும். நிரந்தரமாக இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் வேண்டாம், ஏனென்றால் அலுவலகக் கணினி பலர் கை படும் கணினி.

அதையொட்டி இன்னொன்று. ஒரே கணினியில் காலையில் கிராணி, மாலையில் முகவரின் மகன் என்று மாறி மாறி உட்காருவது நம் பக்கம் சகஜம். கிராணியின் செஷன் முடிந்து லாகின் பக்கம் நிற்கிறது, மகன் தன் பெயரில் நுழைகிறார். கிராணி விட்ட இடத்துக்கு இவரைக் கொண்டுபோய் விடும். அவருக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்க உரிமை இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) என்று முகத்தில் அறையும். போய்ச் சேரும் பக்கத்தில் உரிமைச் சோதனை கட்டாயம் இருக்க வேண்டும், உரிமை இல்லாதவரை அவருடைய சொந்த முகப்புக்கு அனுப்ப வேண்டும். வெளியேறும்போது செஷனை முழுதாக அழித்துவிடுங்கள், குறித்து வைத்த முகவரியும் சேர்ந்து போய்விடும்.

சேமித்த பிறகு அனுப்பும் ரீடைரக்ட் எந்த வகை என்பதும் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். தரவை அனுப்பிய கோரிக்கைக்கு நேரடியாகப் பக்கத்தைப் பதிலாகக் கொடுக்காமல், 303 என்ற எண்ணோடு இன்னொரு முகவரிக்கு அனுப்புவது நல்ல பழக்கம். 'வேலை முடிந்தது, இனி இதைப் போய்ப் பார்' என்பதற்கென்றே எச்டிடிபி 1.1இல் சேர்த்த எண் அது. லாராவெல் இயல்பாக அனுப்பும் 302ஐயும் பிரவுசர்கள் நடைமுறையில் அப்படியே எடுத்துக்கொள்கின்றன, அதனால் மாற்றாவிட்டாலும் ஒன்றும் கெடாது. இதனால் கிராணி பக்கத்தைப் புதுப்பித்தால் சீட்டு இரண்டாம் முறை பதிவாகாது. ஆனால் மழைக்கு லைன் போய், 'சேமி'யை அழுத்தியதும் பதில் வராமல் நின்று, அவர் மறுபடி அழுத்தினால் இது காப்பாற்றாது. எடைச் சீட்டு எண் தரவுத்தளத்தில் ஒரு முறைக்கு மேல் வர முடியாது என்று கட்டுப்பாடு வையுங்கள். ஒரே லாரிக்கு இரண்டு சீட்டு என்றால் காசுக் கணக்கே தப்பிவிடும்.

திரும்பிய பிறகும் சில இடக்குகள் உண்டு. ஏழாம் பக்கத்தில் இருந்த ஒரே சீட்டை அழித்துவிட்டால் திரும்ப ஏழாம் பக்கம் இருக்காது, வெற்றுப் பட்டியல் தெரியும். அப்போது கடைசிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். தேதியை மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றிச் சேமித்தால் சீட்டு மார்ச் பட்டியலில் தெரியாது, கிராணி பதறிப்போவார். 'சீட்டு 4182 ஏப்ரலுக்கு மாற்றப்பட்டது' என்று மேலே ஒரு வரியும் அதைத் திறக்க ஒரு லிங்கும் போதும். திரும்பும் முகவரியின் கடைசியில் # குறியிட்டு அந்த வரிசையின் அடையாளத்தைச் சேர்த்தால் பக்கம் சரியாக அந்த வரிசைக்கு உருண்டு நிற்கும். சின்ன வேலை, ஆனால் நாள் முழுக்கச் சீட்டு திருத்துபவருக்கு உங்கள் செயலியில் மிகவும் பிடித்த விஷயமாக அதுதான் இருக்கும்.

பிரவுசரின் பேக் பட்டனை அழுத்திப் பட்டியலுக்கு வந்தால் பழைய எடையே தெரிகிறது என்றும் புகார் வரலாம். இன்றைய பிரவுசர்கள் விட்டுப்போன பக்கத்தை நினைவகத்தில் அப்படியே உறைய வைத்து, திரும்பும்போது உயிர்ப்பிக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இது வெகுகாலமாக இருக்கிறது. குரோமில் 2020இல் ஆண்ட்ராய்டுக்கும் 2021இல் கணினிக்கும் வந்தது. சர்வரைக் கேட்காமலே பக்கம் வருவதால் வேகம் அதிகம், தரவு பழையது. 'பேஜ்ஷோ' என்ற நிகழ்வில் 'பெர்சிஸ்டட்' என்ற மதிப்பு உண்மையாக இருந்தால் பக்கம் நினைவகத்திலிருந்து வந்தது என்று பொருள். அப்போது மட்டும் புதுப்பியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், நாளைக்கு டியூஷன் நிலையத்துக்கோ கோயிலுக்கோ இதே மாதிரி எழுதினால் உதவும். எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டணச் சேவை வழியாக வங்கிப் பக்கம் போய்ப் பணம் கட்டித் திரும்பும்போது ஆள் லாகின் இல்லாதவர் போலத் தெரிவதுண்டு. திரும்பி வருவது வேறு தளத்திலிருந்து தரவோடு அனுப்பப்படும் கோரிக்கையாக இருந்தால், 'லாக்ஸ்' என்று குறிக்கப்பட்ட செஷன் குக்கீயைப் பிரவுசர் அதோடு அனுப்பாது. லாராவெலின் இயல்பு அமைப்பும் அதுதான். அந்தத் திரும்பும் முகவரி லாகினை எதிர்பார்க்காமல், வந்த தரவின் கையொப்பத்தைச் சரிபார்த்து, 303 மூலம் உங்கள் சாதாரணப் பக்கத்துக்கு அனுப்பட்டும். அந்த இரண்டாவது நடையில் குக்கீ வந்துவிடும்.

முகவரியில் நிலையை வையுங்கள் என்று இவ்வளவு சொன்னதால் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். மாதமும் பக்க எண்ணும் இருக்கலாம். தோட்டக்காரரின் அடையாள அட்டை எண் முகவரியில் வரவே கூடாது. முகவரி பிரவுசரின் வரலாற்றில் தங்கும், சர்வர் பதிவேட்டில் தங்கும், யாராவது லிங்கை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அங்கேயும் தங்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதை முகவருக்கும் சொல்லிவையுங்கள். பெயரால் தேட வேண்டுமென்றால் தோட்டக்காரருக்கு நீங்கள் கொடுத்த உள் எண்ணைப் பயன்படுத்துங்கள்.

நான் சொன்னதெல்லாம் சர்வரே பக்கத்தைக் கட்டித் தரும் செயலிகளுக்கு. ரியாக்ட் மாதிரி முழுவதும் பிரவுசரிலேயே ஓடுபவற்றில் அடிப்படை மாறாது. ஆனால் அங்கே ரெஃபரர் மதிப்பு பக்கம் மாறும்போது மாறாது என்பதால் அதைத் தொடவே வேண்டாம். லாகினுக்கு அனுப்பும்போது இருந்த இடத்தை ரவுட்டரின் (பிரவுசருக்குள்ளேயே பக்கங்களை மாற்றும் பகுதி) நிலையில் கொடுத்து அனுப்புங்கள். கைப்பேசிச் செயலிக்குள் வலைப்பக்கத்தைப் பொதிந்து தருவதில் எனக்கு அனுபவம் குறைவு, அதைச் செய்பவர்கள் வேறு யாராவது சொன்னால் நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது அந்த & குறி. பட்டியலில் மாதமும் பக்கமும் தேர்ந்தெடுத்து, இன்னொரு டேபில் வெளியேறிவிட்டு, முதல் டேபில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். லாகின் பக்கத்தின் முகவரிப் பட்டையில் '&பக்கம்=7' என்று வெறுமனே தெரிந்தால் அதுதான் காரணம். அப்படித் தெரியாமலும் பக்க எண் தொலைந்தால் என் ஊகம் தவறு. அப்போது லாகின் முடிந்ததும் ஓடும் நிரலையும் 'திருத்து' லிங்கைக் கட்டும் வரியையும் இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன். முகவரின் பெயர், எம்பிஓபி (மலேசியச் செம்பனை வாரியம்) உரிம எண், சர்வர் முகவரி மூன்றையும் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.